தீதிமோவின் படகைத் தேய்த்த கதை

தீதிமோ அஞ்சுந்தியா கடலுக்குப் போய்த் திரும்பாத மூன்றாம் வருஷம், அவனுடைய ஃபைபர் படகு ஆளில்லாமல் தானாகவே துறைக்கு வந்து, வழக்கமாகக் கட்டுகிற முளையருகே மூக்கை நுழைத்து நின்றது. அன்று சூரை மீன் விலை இறங்கியிருந்ததால் கரையில் கூட்டம் குறைவு. பார்த்தவர்களும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எங்கள் புந்தா மாங்லே துறையில் படகுகள் தாமாக வீடு திரும்புவது முன்பும் நடந்ததுதான். மேயப்போன மாடு சாயங்காலம் திரும்பவில்லையா, அந்த மாதிரி. ஆட்கள் திரும்பாததுதான் எங்கள் துறையின் கஷ்டம். படகில் எஞ்சின் இல்லை, வலை இல்லை, குடிதண்ணீர்க் கேன் இல்லை. கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்த நீல மேல்பூச்சு வெயிலில் வெந்து சுண்ணாம்பாகிவிட்டிருந்தது. தொட்டவர்களின் உள்ளங்கையில் வெள்ளை மாவு ஒட்டியது.

அந்தப் படகில் போனவர்கள் இரண்டு பேர். படகுக்காரன் தீதிமோ ஒருவன். அவனோடு வேலைக்குப் போன வில்தெர் இன்னொருவன்; இருபத்திரண்டு வயது, ஔரியாவின் ஒரே பிள்ளை. வில்தெரின் ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பனும் தீதிமோதான். அந்த வழியில் தீதிமோவின் மனைவி நெல்ஃபாவும் ஔரியாவும் கூடப்பிறந்தவர்களைவிட நெருக்கம். படகு காணாமல் போன நாளிலிருந்து இருவருக்கும் ஒரே அடுப்பு. ஒருத்தி வாழைக்காயை வேகவைத்து இடிப்பாள், மற்றவள் வேர்க்கடலை வறுத்துப் போடுவாள். ஆண்களைப் பற்றிய பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுப்பதில்லை.

நெல்ஃபா மீன் கம்பெனியில் குடல் எடுக்கிற வேலையில் இருந்தாள். கை முழுக்கப் புண். படகைச் சரிசெய்து வாடகைக்கு விட்டால் அந்த வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் மாவு உதிரும் படகில் எங்கள் ஆட்கள் கால் வைக்கமாட்டார்கள். பெயிண்ட் அடிக்கவும் வழியில்லை. செத்தவனுக்கு ஒன்பது இரவு ஜெபம் முடிந்த பிறகுதான் அவன் படகுக்குப் பெயிண்ட் அடிக்கலாம். உடலோ எலும்போ கிடைக்காமல் அந்த ஜெபத்தை ஆரம்பிக்கக் கூடாது. மீறி அடித்தால் உயிரோடு இருப்பவனைப் பெட்டியில் வைத்து மூடியதாக அர்த்தம். இதனாலேயே மணலில் மக்கிப்போன படகுகள் எங்கள் துறையில் வரிசையாகக் கிடக்கின்றன. படகு ரிப்பேர் செய்யும் உல்பியோ, குதர்க்கத்துக்குப் பேர்போனவன், அவன்தான் ஒரு வழி சொன்னான்.

"பெயிண்ட்தானே அடிக்கக் கூடாது? தேய்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

முதலில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற முரட்டு வாட்டர் பேப்பர், அப்புறம் நைஸ் பேப்பர், அப்புறம் பாலிஷ், கடைசியில் மெழுகு என்று வரிசையைச் சொல்லிக்கொடுத்தான். மேல்பூச்சு வெங்காயத் தோல் கனம்தான், ஆசைப்பட்டு அழுத்தினால் அடியிலிருக்கிற நார் பல்லை இளிக்கும், நார் தெரிந்தால் படகு அவ்வளவுதான் என்றும் எச்சரித்தான். நெல்ஃபா தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். வெள்ளைச் சேறு வழிந்து மணலில் இறங்கியது. பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தபோது நீலம் தலைகாட்டியது. அந்தப் பளபளப்பில் அவள் முகம் தெரியவில்லை. நடுக்கடல் தெரிந்தது. அதில் இதே படகு, விளிம்பில் இரண்டு கடல்பறவைகள், ஆட்கள் யாருமில்லை. கரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, பளபளப்புக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

அடுத்த தேய்ப்பில் தீதிமோ தெரிந்தான். எலும்பும் தோலுமாக, நெஞ்சு வரை தாடியோடு, சொந்த வீட்டு வாசலில் இறங்குகிறவனைப்போல நிதானமாகப் படகிலிருந்து கடலுக்குள் இறங்கினான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒரு நாளே திரும்பத் திரும்ப நடந்தது. அதற்கும் அடுத்த தேய்ப்பில் அவன் இறங்கவில்லை; உட்கார்ந்திருந்தான். உல்பியோதான் விஷயத்தைக் கண்டுபிடித்தான். வெயில் பூச்சை நாள் நாளாகத் தின்றிருக்கிறது. கடைசி நாள் மேலே, முதல் நாள் அடியில். தேய்க்கத் தேய்க்க நாள் பின்னால் போகிறது. விஷயம் பரவியதும் ஊரே நாற்காலியோடு வந்துவிட்டது. ஒருத்தி சூரை மீனும் மரவள்ளிக்கிழங்கும் போட்ட குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்து விற்றாள். எங்கள் ஜனங்களுக்கு வேடிக்கை என்றால் சோறு வேண்டாம் என்று நினைத்தால் தப்பு, அப்போதுதான் இரண்டு மடங்கு வேண்டும். புருஷன் நாளுக்கு நாள் சதை பிடிப்பதை நெல்ஃபா பார்த்தாள். அவள் கைப்புண் உப்புத்தண்ணீரில் எரிந்தது. அந்த மூன்று வருஷத்தில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான்.

ஔரியா தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து தன் பிள்ளை வரக் காத்திருந்தாள். பிள்ளைக்கு முன்னால் அவன் சட்டை வந்தது. தீதிமோ தன் சட்டைக்கு மேலே ஒரு மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். நெல்ஃபா கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்தாள். எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, படகின்மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டாள். ஔரியா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அது என் புள்ள சட்டை, நெல்ஃபா."

"அந்த மாதிரி சட்டை ஊர்ல ஆயிரம் இருக்கும்க்கா."

"கழுத்துப் பட்டன் அறுந்துபோச்சுன்னு நான்தான் செவப்பு நூல்ல வலை முடிச்சு போட்டுக் குடுத்தேன். ஆயிரம் சட்டைலயும் அது இருக்குமா?"

நெல்ஃபா தார்ப்பாயின் கயிற்றை முளையில் இறுக்கிக் கட்டினாள். இதற்கு அடியில் என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், இந்த நாளில் புருஷன் உயிரோடு இருக்கிறான், தனக்கு இது போதும் என்றாள். எனக்குப் போதாதே என்றாள் ஔரியா. அவள் நாற்காலியை விட்டு நகரவே இல்லை. அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே தூங்கினாள். திட்டியிருந்தால்கூட நெல்ஃபா தாங்கியிருப்பாள். ஒரு காலையில் நெல்ஃபா தார்ப்பாயை விலக்கியபோது, ஔரியா கீழே கிடந்த பேப்பரை எடுத்துத் தண்ணீரில் நனைத்துத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். தடுக்க நெல்ஃபாவுக்கு மனசு வரவில்லை.

ஊர் மறுபடியும் நாற்காலியோடு திரும்பிவந்திருந்தது; அந்த நாள் பளபளப்பில் வந்ததை நானும் நேரில் பார்த்தேன். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வில்தெர் ஜுரத்தில் படகின் முன்பக்கம் கிடந்தான். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, உதடும் அசைந்தது. கேனில் தண்ணீர் ஒரு ஆளுக்குக்கூடப் போதாது. தீதிமோ வெகுநேரம் கேனைப் பார்த்தான், பையனைப் பார்த்தான். பிறகு பையனின் மஞ்சள் சட்டையைக் கழற்றிக்கொண்டு அவனைத் தூக்கிக் கடலில் விட்டான். வில்தெர் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். தீதிமோ அழுதுகொண்டே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். குழம்பு விற்றவள் சட்டியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

நெல்ஃபா மணலில் விழுந்து ஔரியாவின் காலைப் பிடித்துக்கொண்டு, என்னை அடி, என்னைக் கொன்று போடு என்று கதறினாள். ஔரியா அடிக்கவில்லை. பளபளப்புக்குள் மறுபடியும் விடிந்து, மறுபடியும் பிள்ளை விளிம்பைப் பிடிப்பது வரை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அழுறத அப்புறம் அழுவலாம். பேப்பர எடு. அவன் நல்லா இருந்த நாளு இன்னும் அடியில இருக்கு."

அன்றிலிருந்து அடுப்பு இரண்டாயிற்று, பேச்சும் நின்றது. வேலை மட்டும் நிற்கவில்லை. ஒருத்தி இடதுபக்கம், ஒருத்தி வலதுபக்கம். கேனில் தண்ணீர் ஏறியது. துப்பாக்கியோடு வந்தவர்கள் எஞ்சினைப் பிடுங்கிக்கொண்டு போன நாள் வந்தது, போனது. வலை வந்தது, சிரிப்பு வந்தது. கடைசியில் எங்கள் துறையே பளபளப்பில் தெரிந்தது. கிளம்புகிற நாள். வில்தெர் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளுகிறான், தீதிமோ அவனை ஏதோ சொல்லிக் கிண்டல் செய்கிறான். உல்பியோ ஓடிவந்து போதும் என்று இருவரின் கையையும் பிடித்தான். பின்மூலையில் ஏற்கெனவே நார் தெரிந்துவிட்டிருந்தது.

அடுத்த வாரம் வெயில் கடுமை. பளபளப்பு லேசாக மங்கியதும் நாள் முன்னால் நகர்ந்துவிட்டது; உள்ளே படகு துறையைத் தாண்டியிருந்தது. இரண்டு பெண்களும் அலறிக்கொண்டு ஓடினார்கள். உல்பியோ பேப்பரைத் தொடவிடவில்லை. பாலிஷை மட்டும் துணியில் தொட்டு, மயிரிழை அளவுக்குத் தேய்த்துப் படகைத் திருப்பிக் கொண்டுவந்தான். இன்னொரு தடவை அப்படிச் செய்யப் பூச்சு இல்லை. அதனால் படகின்மேல் தகரக் கொட்டகை போட்டார்கள், மெழுகு வாங்கினார்கள். மெழுகு இருக்கிறவரை வெயில் உள்ளே போகாது, நாள் நகராது. எலும்புகூடக் கிடைக்காவிட்டாலும் ஜெபத்தை நடத்திவிடலாம் என்று பாதிரியார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவங்க இன்னும் கிளம்பவே இல்லையே சாமி என்று ஔரியா சொல்லிவிட்டாள்.

நெல்ஃபா இன்னமும் மீன் கம்பெனியில் குடல் எடுக்கிறாள். சம்பளத்தில் பாதி மெழுகுக்குப் போகிறது, தன் பக்கத்து மெழுகை ஔரியா வாங்குகிறாள். சனிக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்னால் இருவரும் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் பக்கத்துக்கு மெழுகு பூசுவார்கள். தீதிமோ குனிந்து, தண்ணீரில் நிற்கும் வில்தெரைப் படகில் ஏற்றக் கை நீட்டுகிற இடம் ஔரியாவின் பக்கம் இருக்கிறது. பின்னொரு நாள் அவன் விரல்களைப் பிரித்த அந்தக் கை வரும்போது மட்டும் அவள் துணியைக் கொஞ்சம் அழுத்துவாள். நார் தெரிந்துவிடும் என்பதால் அதற்கு மேல் அழுத்துவதில்லை.