செங்கல் வீடு

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். 'ஏழை' இன்னும் தெரியுது" என்றான் கிருபன், ஏணியைப் பிடித்தபடி.

ஏணியின் மேல் நின்ற அவன் மனைவி நிலாணி மலர்வளையத்தை இழுத்துவிட்டாள். அப்பா இராஜரட்ணம் இருந்த குட்டி வீட்டின் வாசலுக்கு மேலே ஒரு கல். விக்டோரியா மகாராணி காலத்துப் புண்ணியவான் ஒருவர் வரிசையாகச் செங்கல் வீடுகள் கட்டி, ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் வெட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார்: 'தகுதியுடைய ஏழை முதியோருக்கு.' நல்ல மனிதர்தான். கொஞ்சம் சின்ன எழுத்தில் வெட்டியிருக்கலாம்.

நேற்றுத் தகனம் முடிந்திருந்தது. அண்ணன் கண்ணை மூடிய வீட்டைப் பார்த்தே தீருவேன் என்று, அப்பாவின் ஒரே தங்கச்சி அருள்நாயகி மாமி ஒஷாவாவில், பகலெல்லாம் ஆளில்லாத மகன் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். "டவுன்டவுனில சின்னதா ஒரு செங்கல் வீடு எடுத்திருக்கிறன்" என்று அப்பா சொன்னதை, அவர் வாங்கிவிட்டதாக விளங்கிக்கொண்டு மாமி ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருந்தார். அப்பாவும் திருத்தவில்லை. இப்போது உண்மை தெரிந்தால் மாமி கேட்கப்போவது ஒன்றுதான்: பெற்ற தகப்பனைத் தர்ம வீட்டில் விட்டாயா? மில்லிக்கனில் தங்களோடு இருந்த வீட்டை விட்டுப் போகவேண்டாம் என்று அழுதவளே நிலாணிதான். "நீங்கள் வேலையால வருமட்டும் அங்க என்னோட கதைக்கிறது மைக்ரோவேவ் மட்டும்தான், பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே பெட்டி கட்டினார் அப்பா. அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் வலித்தது.

மாமியை இறக்கிவிட்டு அவருடைய மகன் காரை நிறுத்த இடம் தேடிப் போனான். மாமி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"உது ஏன் பிள்ளை அங்க கொழுவியிருக்கு? கழட்டி அண்ணையின்ர படத்துக்கு வை."

கிருபன் நிலாணியைப் பார்த்தான். நிலாணி ஏணியைப் பார்த்தாள். கிருபன் ஏறிக் கழற்றினான்.

மாமி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து எழுத்துக் கூட்டி வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"ஏழையோ? ஆர் ஏழை?"

"மாமி, அது வந்து..."

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தார் ஹபீபுல்லாஹ். அப்பாவோடு காட்ஸ் விளையாடி நாள்தோறும் சண்டை பிடித்தவர்.

"தங்கச்சி, முன்னுக்கு இருக்கிற சொல்லையும் வாசியுங்கோ. உங்கட அண்ணன் வந்த அண்டைக்கே என்னட்டச் சொன்னவர்: 'மூண்டு பெக்டரியில மாடா உழைச்சன் ஹபீப், ஒருத்தனும் என்னைத் தகுதியான ஆளெண்டு சொல்லேல்லை. இவங்கள் நான் பிறக்க முதலே கல்லில வெட்டி வச்சிருக்கிறாங்கள்!'"

மாமி களுக்கென்று சிரித்துவிட்டார். "அண்ணையின்ர வாய்!" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மறுபடியும் சிரித்தார். அப்பா போனபிறகு முதல் தடவையாக நிலாணியும் சிரித்தாள்.

உள்ளே போன மாமி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கட்டில், குசினி அடுப்பு, ஒற்றைக் கதிரை. யன்னலுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நிலாணி அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள்.

"பிள்ளை" என்று குரலைத் தாழ்த்தினார் மாமி. "இனி இந்த வீட்டுக்கு ஆர் வருவினம்?"

"தெரியாது மாமி. ஆள் பார்ப்பினம்."

வெளியே, நிறுத்த இடம் கிடைக்காத மகன் காரின் கோர்னை அடித்தான். மாமி கோட்டைக் கழற்றி, கதவுக்குப் பின்னால் தொங்கிய அப்பாவின் கோட்டுக்குப் பக்கத்தில் கொழுவினார்.