கண்டக்டரம்மாவின் இரண்டு கிண்ணங்கள்

எங்கள் கம்ப்யூட்டரில் கிண்ணம் வரைகிற சாஃப்ட்வேர் இப்போது இரண்டாக இருக்கிறது. ஒன்று பழசு, ஒன்று புதுசு. எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று எனக்கும் அண்ணிக்கும் நடந்த சண்டையில், அண்ணன் ஏதேதோ வேலை சொல்லிக்கொண்டு வெளியிலேயே சுற்றினான். புத்திசாலி.

செயற்கைக் கால் செய்வது எங்கள் தொழில். மிச்சமிருக்கும் கால் உள்ளே போய் உட்கார ஒரு கிண்ணம் வேண்டும். அது சரியாக அமையவில்லை என்றால், கீழே எவ்வளவு நல்ல பாதத்தை மாட்டினாலும் வீண். அண்ணி காலை ஸ்கேன் செய்து திரையில் கிண்ணத்தை வரைவாள். மெஷின் வெட்டித் தருவதை நான் அரத்தால் ராவி வழவழப்பாக்குவேன். புதுசு வந்தபோது கூடவே ஒரு வரியும் வந்தது: பொருத்தம் மேம்படுத்தப்பட்டுள்ளது. எங்கே, எவ்வளவு என்று ஒரு வார்த்தை கிடையாது. நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு விலாசம் தராமல் போன மாதிரி.

அண்ணிக்கு எதுவும் இரண்டாக இருக்கக் கூடாது. வீட்டில் இரண்டு கத்தரிக்கோல் இருந்தால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் தூங்குவாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று இருந்தால் உருப்பட மாட்டோம், பழசைத் தூக்கிவிடலாம் என்றாள். எங்கள் கடையில் காலை வைத்துப் பழமொழி சொல்லாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது? பழசு இதுவரை யாரையாவது கடித்ததா என்று நான் திருப்பிக் கேட்டேன். புதுசு எதற்கு என்றும் கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கண்டக்டரம்மா வந்தார். பஸ் விபத்து ஒன்றில் அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போயிருந்தது; ஆஸ்பத்திரியில் தந்த தற்காலிகக் காலில் நடந்து பழகியிருந்தார். ஓடும் பஸ்ஸில் நின்று வேலை செய்ய முடியுமா என்று திங்கட்கிழமை காலை டிப்போ டாக்டர் பார்க்கப்போகிறாராம். முடியாது என்று எழுதிவிட்டால், ரிடையர் ஆகும்வரை டிப்போவில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. இருபது பேர் ஒரே நேரத்தில் கத்தினால்தான் தனக்கு மூளை வேலை செய்யும் என்றார்.

சரி, இவர் காலே தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவு செய்தோம். ஒரே ஸ்கேனை வைத்து அண்ணி பழசில் ஒரு கிண்ணமும் புதுசில் ஒரு கிண்ணமும் போட்டாள். இரண்டுக்கும் பாதம் மாட்டினேன். எங்கள் கடை வழக்கப்படி அவரையும் காலையிலேயே வரச் சொன்னோம். காலையில் கால் ஓய்ந்திருக்கும், ஆளும் தெளிவாக இருப்பார் என்பது எங்கள் கணக்கு.

பழசைப் போட்டுக்கொண்டு மாடிப்படியில் கிடுகிடுவென்று ஏறி இறங்கினார். புதுசைப் போட்டதும் முகம் சுருங்கிவிட்டது. இறுக்கிக் கடிக்கிறது என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, புதுசைக் கழிக்கத் தயாரானாள். ஆனால் கண்டக்டரம்மா, எதற்கும் இரண்டும் ஒரு நாள் தன்னிடம் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும்வரை பொறுக்கலாம் என்று அண்ணியும் கையை எடுத்தாள்.

மறுநாள் கடை மூடுகிற நேரத்துக்கு வந்தார். நாள் முழுக்கக் கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தியின் பஸ்ஸில் நின்றபடியே ஊரைச் சுற்றியிருக்கிறார். காலையில் பழசு வெண்ணெய் மாதிரி இருந்ததாம். மதியத்துக்கு மேல் கிண்ணம் ஆடத் தொடங்கி, ஒரு பிரேக்கில் யாரோ ஒருவரின் மடியில் போய் விழுந்தாராம். கடைசி நிறுத்தத்தில் புதுசை மாட்டிப் பார்த்திருக்கிறார். கூடவே முளைத்தது போல நின்றதாம்.

நின்றுகொண்டே இருந்தால் மிச்சக் கால் சுருங்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா? அதற்குத்தானே, கிண்ணம் தளர்ந்தால் அந்தக் கால் மேலே போட்டுக்கொள்ள ஒரு சாக்ஸ் கூடுதலாகத் தருகிறோம். அதைத்தான் சொன்னேன்.

"கூட்டத்துல எங்கம்மா உக்காந்து கால கழட்டி சாக்ஸ் மாட்டுறது? அதுவரைக்கும் டிக்கெட் பைய யாருகிட்டக் குடுக்கறது?" என்று கேட்டார்.

ஜெயித்துவிட்ட அண்ணி சிரித்திருக்க வேண்டும். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்போ எதுதான் சரி?" என்றாள் என்னைப் பார்த்து.

காலையில் கேட்டால் பழசு சரி, மாலையில் கேட்டால் புதுசு சரி. இதற்கு முன் பழசைப் போட்டுக்கொண்டு எங்களைப் பாராட்டிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் மாலையில் எப்படி நடக்கிறார்கள் என்று அண்ணி கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அண்ணி மேலா, கம்ப்யூட்டர் மேலா, எங்கள் வழக்கத்தின் மேலா என்று எனக்கே விளங்கவில்லை.

ஏதாவது செய்தாக வேண்டும் போல இருந்தது. கடிக்கிற இடத்தைக் காட்டுங்கள், கொஞ்சம் ராவித் தருகிறேன் என்று புதுசுக்குக் கை நீட்டினேன். கண்டக்டரம்மா அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேணாம். நீங்க ராவினா இதுவும் ஆடும்."

திங்கட்கிழமை காலையில் இதைப் போட்டுக்கொண்டு போனால் முகம் சுளிக்கும், டாக்டர் பார்த்ததுமே முடியாது என்று எழுதிவிடுவார் என்று அண்ணி பயந்தாள். எனக்கும் அதே பயம்தான்.

"அவரும் காலைலதானே பாக்கறாரு?" என்றார் கண்டக்டரம்மா. "அவருக்குப் பழசக் காட்டிக்கறேன். பஸ்ஸுல ஏறுற நாள்லேருந்து புதுசு."

நாள் முழுக்க நின்ற காலுக்கு ஓய்வு என்று இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு, வந்தபோது பிடித்திருந்த ஊன்றுகோலோடே எழுந்தார். அண்ணி எதையும் கழிக்காமல் கம்ப்யூட்டரை அணைத்தாள். நான் வாசல்வரை கூடப் போனேன். தினமும் காலையிலிருந்து மதியம்வரை கடிக்குமே, எப்படித் தாங்குவீர்கள் என்று கேட்டேன்.

"வலிச்சா என்னோட போச்சு. நான் விழுந்தா, பிள்ளையத் தூக்கிட்டு நிக்கறவ மேல போய் விழுவேன்" என்றார்.