அரக்குப் பட்டும் எக்ஸ்ரே பிலிமும்

நிச்சயதார்த்தத்தன்று படத்துக்கு நின்றவர்கள் நான், என் மனைவி கண்ணம்மாள், மகள் பிரபா, சம்பந்தி கொளஞ்சிநாதன். படம் எடுத்தவர் மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன்.

பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர், பீங்கான் பெட்டியில் ஊசித்துளை போட்டு, லென்ஸே இல்லாத கேமரா ஒன்று செய்திருந்தார். அதில் போட ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே பிலிம் வாங்கி வந்திருந்தார்.

“எம் பொண்ணுக்கு எலும்பா முறிஞ்சிருக்குது, மாப்ள? நல்ல பிலிம் கெடைக்கலீங்களா?”

“பெரிய சைஸுல அது வெல ஜாஸ்திங்க மாமா. இதுல செவப்பு மட்டும் கருப்பா வுழும். பிரபாவ வேற கலரு கட்டிக்கச் சொல்லுங்க.”

“நிச்சயத்துக்கு அரக்குப் பட்டு எங்க வூட்டு வழக்கம். ஆஸ்பத்திரி பிலிமுக்காக அத மாத்தணுமா?”

பிரபா அரக்குப் பட்டிலேயே நின்றாள்.

படத்தை மாப்பிள்ளை பெருமையாக எல்லோருக்கும் அனுப்பினார். பெண்ணுக்கு இஷ்டமில்லை, அதனால்தான் கருப்புப் புடவை கட்டினாள் என்று மங்கலம்பேட்டை வரை பேசுகிறார்கள். அவள் கட்டியது கருப்பு அல்ல. சம்மதித்துத்தான் நின்றாள். இஷ்டமில்லாமல் நின்றவன் நான்.