கறி வேர்த்த பதினான்கு நிமிடம்

ஒரே சட்டி, ஒரே அடுப்பு, ஒரே மாட்டுக்கறித் துண்டைச் சரிபாதியாக வெட்டிய இரண்டு பாதிகள். மனைவி போட்டால் வெளியே பழுப்பாக முறுகி, உள்ளே இளஞ்சிவப்பாக, கடைகளில் ஸ்டேக் என்று தட்டில் வைத்துக் கொடுக்கிற மாதிரியே வந்தது. கணவர் அரைக்கிராம் போட்டால் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில் வந்தது. ஏன் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

அரைக்கிராம் என்பது அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. ஒருமுறை ஒரு பழக்கடைத் தராசு அரை கிராம் கூடக் காட்டியதற்காக, அது ஒழுங்குக்கு வரும்வரை நகரமாட்டேன் என்று மூன்று மணி நேரம் வாழைத்தார்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் இல்லாதபோது "என்னங்க".

கறி வருவது மனைவியின் அண்ணன் கடையிலிருந்து. முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில், இரண்டு விரல் தடிமனில், ஓரத்தில் வெள்ளைக் கொழுப்போடு வெட்டித் தருவார். ஞாயிற்றுக்கிழமை சமையல் அரைக்கிராமின் முறை; அன்று மதியம் அதைச் சாப்பிடவும் அந்த அண்ணனே வருவார். முதல் ஞாயிறு பேசாமல் மென்றார். இரண்டாவது ஞாயிறு, குக்கரில் வைத்தீர்களா என்று விசாரித்தார். மூன்றாவது ஞாயிறு, வரும் வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். நான்காவது ஞாயிறு முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை, அந்த மாடு ஒரு தடவைதான் சாகணும். நீங்க ரெண்டாவது தடவை சாகடிக்கிறீங்க. அடுத்த வாரமும் இப்படியே வந்துச்சுன்னா, இனிமே என் கடையில உங்களுக்குக் கொத்துக்கறி மட்டும்தான்."

இதை வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கொழுப்பை முழுக்க வெட்டி எறியச் சொன்ன ஒரு பல் மருத்துவர், எட்டு வருடமாக அந்தக் கடையில் கொத்துக்கறிதான் வாங்கிக்கொண்டிருக்கிறார். வேறு கடைக்குப் போகலாமே என்றால், கறிக்கடைக்காரரின் தங்கையைக் கட்டிக்கொண்டு வேறு கடைப் பையோடு வீட்டுக்குள் நுழைகிற துணிச்சல் அரைக்கிராமுக்கு இல்லை. வாரம் முழுக்க யார் யாருடைய கடை மூலையிலோ நின்றுகொண்டு, ஆறிப்போன சாப்பாட்டை விழுங்குகிற மனிதர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஸ்டேக் ஒன்றுதான் அவர் எதிர்பார்த்துக் காத்திருப்பது. அதுவும் போனால் ஆயுள் முழுக்கக் கொத்துக்கறி.

அந்த வாரம் தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாது என்பது அவர் தொழில் ஒழுக்கம். திங்களன்று சட்டியை மாற்றினார், சாம்பல் நிறம். செவ்வாயன்று எண்ணெயை மாற்றினார், சாம்பல் நிறம். புதனன்று தீயைக் கூட்டினார். சாம்பல் நிறம்தான், கூடவே திரைச்சீலையில் ஒரு ஓட்டை.

மனைவி பேருந்து ஓட்டுகிறவள். வீட்டிலும் அவளுக்கு எல்லாம் கால அட்டவணைப்படிதான். பையைக் கழற்றுவாள், சட்டியைக் காய வைப்பாள், உப்பைத் தூவுவாள், கறியைப் போடுவாள், அதற்குள் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள். அவளிடம் ரகசியம் என்ன என்று கேட்டதற்கு, கைராசி என்றாள். அரைக்கிராமுக்கு அது சரிப்படவில்லை. எந்தத் தராசிலும் ஏறாத ஒன்றை அவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

ஞாயிற்றுக்கிழமை மச்சான் கறியோடு வந்தார். இந்த முறை கூடத்தில் உட்காரவில்லை. சமையலறைக்குள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, குற்றம் நடக்கும் இடத்தை நேரில் பார்ப்பதாகச் சொல்லிக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

அரைக்கிராம் ஆரம்பித்தார். கறியைத் தட்டில் வைத்து இரண்டு பக்கமும் உப்புத் தூவினார். பிறகு அலமாரியிலிருந்து தராசை இறக்கினார். தராசு சமமாக நிற்கிறதா என்று நீர்மட்டக் குமிழியைப் பார்த்தார். காற்று பட்டால் எண் ஆடும் என்று மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினார். தரை அதிரக் கூடாது என்று மனைவியை நின்ற இடத்திலேயே நிற்கச் சொன்னார். அவள் தும்மல் வருகிறது என்று சைகை காட்டினாள். அடுத்த எடைக்கு முன்னால் தும்மிக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

அவர் தொழிலில் எதையும் ஒரு தடவை எடை போட்டு விட்டுவிட மாட்டார்கள். மூன்று தடவை போட்டு, ஒவ்வொரு தடவையும் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, அது அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, படிவத்தில் மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும். சமைப்பதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று தெரியாமல் சமைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி என்பது அவர் கட்சி.

முதல் கட்டம் நிரம்பியது. இரண்டாவது கட்டமும் நிரம்பியது. மச்சான் முக்காலியை இழுத்துக் கிட்டே வந்து, தட்டின் மேல் குனிந்தார்.

"மாப்பிள்ளை, கறி வேர்க்குது."

"மச்சான், கொஞ்சம் மூச்சு விடாம இருங்க. எண் ஆடுது."

"நான் மூச்சு விடாம இருந்தா அது வேர்க்காம இருக்குமா? ஜன்னலச் சாத்தி, காத்த நிறுத்தி, நிக்க வச்சு எடை போட்டா எனக்கே வேர்க்குது. அதுக்கு வேர்க்காதா?"

அரைக்கிராம் முதன்முறையாக எண்ணை விட்டுவிட்டுக் கறியைப் பார்த்தார். மேலெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். கடிகாரத்தைப் பார்த்தார். உப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. வழக்கமாக மூன்றாவது கட்டமும் முடியப் பதினான்கு நிமிடம் ஆகும்.

 ஈரம் உறிஞ்சும் காகிதத் துண்டு ஒன்றை எடுத்து எடை போட்டார். அதைக்கொண்டு கறியின் இரண்டு பக்கத்தையும் அழுத்தித் துடைத்து, மறுபடி காகிதத்தை எடை போட்டார். ஏழு கிராம் கூடியிருந்தது.

"ஏழு கிராம் தண்ணி," என்றார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் குரலில்.

மச்சான், இவ்வளவுதானா என்றார். அரைக்கிராம் அவருக்கு விளக்கினார். உப்பு முதலில் கறிக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. அந்தத் தண்ணீரோடு கறியைச் சட்டியில் போட்டால், சட்டியின் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகிறது. குழாய்த் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு சூடு வேண்டுமோ, கொதித்த தண்ணீரை முழுக்க ஆவியாக்க அதைப்போல ஆறேழு மடங்கு வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேல்தோல் நூறு டிகிரியைத் தாண்டாது. முறுகிப் பழுப்பாவதற்கோ நூற்று நாற்பது டிகிரியாவது வேண்டும். அதுவரை கறி வறுபடுவதில்லை, அவிந்துகொண்டிருக்கிறது. மனைவி உப்புத் தூவிய கையோடு சட்டியில் போட்டுவிடுவதால், நீர் வெளியே வர நேரமே கிடைப்பதில்லை.

"அப்ப என் கைராசி?" என்றாள் மனைவி, நின்ற இடத்திலிருந்தே.

"உன் அவசரம்தான் அது."

"பேர் எதுவா இருந்தா என்ன, கறி வெந்துச்சா இல்லையா? நான் இப்ப நகரலாமா?"

அவள் நகர்ந்து ஜன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு, சட்டியைக் காய வைத்தாள். அரைக்கிராம் மட்டும் நகரவில்லை. கையில் துடைத்த கறி, மேசையில் படிவம், படிவத்தில் மூன்றாவது கட்டம் வெள்ளையாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. சட்டியிலிருந்து மெல்லப் புகை எழும்பியது. மச்சான் பையிலிருந்து கொத்துக்கறிப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கையோடு கொண்டுவந்தே இருந்தார்.

அரைக்கிராம் படிவத்தைக் கவிழ்த்து வைத்தார். துடைத்ததில் போன உப்புக்கு ஈடாக ஒரு சிட்டிகை தூவி, கறியைச் சட்டியில் போட்டார்.

சத்தம் கேட்டதுமே மூவருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை வாரம் சட்டி முணுமுணுத்தது. இன்று கைதட்டியது. நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினார், அப்போதுதான் இரண்டு பக்கமும் ஒரே சீராக வேகும். எட்டு நிமிடத்தில் இறக்கியபோது, மனைவியின் கைப்பை நிறத்தில் பளபளவென்று பழுப்பாக இருந்தது. கத்தியை எடுத்தார். மச்சான் அவர் கையைப் பிடித்தார்.

"இப்ப வெட்டுனா சாறெல்லாம் தட்டுல ஓடிரும். அஞ்சு நிமிஷம் சும்மா கிடக்கட்டும்."

"அஞ்சு நிமிஷம் நான் என்ன செய்ய?"

மச்சான் படிவத்தை நிமிர்த்தி அவர் முன்னால் தள்ளினார். "ஆசை தீர எடை போடுங்க."

அரைக்கிராம் ஜன்னலைச் சாத்தினார், விசிறியை நிறுத்தினார், மூன்று முறை எடை போட்டார். யாரும் தும்மவில்லை. வெட்டியபோது உள்ளே ஓரத்திலிருந்து நடுவரை இளஞ்சிவப்பு. மச்சான் ஒரு துண்டு, இரண்டு துண்டு, பிறகு தங்கையின் தட்டிலிருந்தும் ஒரு துண்டு எடுத்து மென்றார்.  பிறகு கொத்துக்கறிப் பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, அதைப் பல் மருத்துவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அன்று மாலை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அரைக்கிராம் ஒரு தாளை ஒட்டினார். உப்பைப் போட்டவுடன் கறியைச் சட்டியில் போட வேண்டும். அல்லது ஒரு மணி நேரம் முன்பே உப்பைப் போட்டு, வெளியே வந்த நீர் திரும்ப உள்ளே போகும்வரை விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் எடுத்துச் சட்டியில் போடக் கூடாது. எப்படியானாலும் சட்டிக்கு முன் துடைக்க வேண்டும். சட்டி புகைய வேண்டும். எடை போடுவதாக இருந்தால், வெந்த பிறகு கறி ஓய்வெடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் போட வேண்டும்.