ஒரு விரல் இடம்

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு கிழிசல் துணி கேட்டாள் பக்கத்து வீட்டு ரோஸி. கன்னியம்மாவின் கை தானாகக் கட்டில் தலைமாட்டு ஆணிக்குப் போனது. ஆணியில் நாடா இல்லை.

அவளுடைய பழைய சுங்குடிச் சேலையின் கரையைக் கிழித்த நாடா. மூன்று வருடமாக ராத்திரியில் ஒரு முனை புருஷன் ஏகாம்பரத்தின் மணிக்கட்டில், மறுமுனை அவள் மணிக்கட்டில். விடிந்தால் ஆணியில். ராத்திரிக்கு நாலு தடவை ஒன்றுக்குப் போகிற மனுஷன், ஒருமுறை இருட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. அவர் எழுந்தால் நாடா இழுக்கும், அவளும் எழுந்து கைத்தாங்கலாகக் கூட்டிப் போவாள்.

இன்று விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் கிடந்தவரை மகன் சுகுமார்தான் பார்த்தான். தூக்கும்போதே உடம்பு சில்லிட்டிருந்தது. அம்மாவிடம் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நேத்து கட்லியாம்மா?"

அவளுக்கு நேற்று நல்ல காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது, கட்டியது ஞாபகம் இல்லை. கட்டாமலே தூங்கிப்போனேனா? பாவி, நானே அனுப்பி வைத்துவிட்டேனா? தலையணையைப் புரட்டினாள், போர்வையை உதறினாள், கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"வுடுக்கா, வேற துணி கிழிச்சிக்கலாம்" என்றாள் ரோஸி. கன்னியம்மா தேடுவதை நிறுத்தவில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் முப்பது வருடம் டோக்கன் கிழித்தவர் ஏகாம்பரம். கடைசி ரயில் போனபிறகு இரும்புலியூர் வீட்டுக்கு வந்து சேர்வார், முதல் ரயிலுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். புருஷன் பெண்டாட்டி பேச்சென்று ஒன்று நடந்ததே இந்த மூன்று வருடத்தில்தான், பாத்ரூம் போய்வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி. வண்டியை விட்டதையே மறந்து ஆறு மாதம் பஸ்ஸில் போன வாத்தியார், ஸ்டாண்டிலேயே பழகிக் கல்யாணம் வரை போன ஜோடி என்று ஆயிரம் கதை வைத்திருந்தார். பாதியில் அவள் கண்ணயர்ந்தால், அடுத்த தடவை எழும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். தூக்கம் கெடுகிறதென்று அவள் சலித்துக்கொண்டதெல்லாம் பகலில்தான்.

"இறுக்காத கன்னிமா, ஒரு வெரலு போவணும்" என்பார் தினமும் படுக்கும்போது. அவளும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சுப் போடுவாள்.

அப்பாவுக்குச் சட்டை மாற்றப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த சுகுமார், அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அம்மாவிடம் நீட்டினான். நாலாக மடித்த நாடா. டோக்கனோ மருந்துச் சீட்டோ, எதையும் நாலாக மடித்துப் பையில் வைப்பதுதான் அவர் வழக்கம்.

பிரித்தாள். அவள் கையில் கட்டியிருந்த முனை அவிழ்ந்திருந்தது. அவர் பக்கத்து முனையில் அவள் போட்ட முடிச்சு அப்படியே வளையமாக இருந்தது. மெலிந்த கை, அந்த ஒரு விரல் இடத்திலேயே உருவிக்கொண்டு வந்திருக்கிறது.

"கட்டித்தான்டா கீறேன்" என்றாள். "ஜொரமா கீதுன்னு எழுப்பாம பூட்டாரு."

சுகுமார் அவள் தோளில் கை வைத்தான்.

வளையத்தின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். ரோஸி கை நீட்டியும் கொடுக்கவில்லை. தானே காலடியில் உட்கார்ந்து இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து நாடாவைச் சுற்றினாள்.

"நல்லா இறுக்குக்கா" என்றாள் ரோஸி.

கன்னியம்மா நடுவில் ஒரு விரலை விட்டுப் பார்த்து, அதன்பிறகு முடிச்சுப் போட்டாள்.