டம்ளருக்கு அடியில் சீட்டு

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கூட்டமாம் ஜோதி. இந்த வாட்டி டைப் அடிக்கிறது இல்லியாம். வாயால பேசணுமாம். இன்னா பண்றது?"

இரவு ஷிப்ட் முடிந்து வந்த சரவணன், கழுத்தில் இரும்பாலைக் கரியோடு அப்படியே நின்று கேட்டான். ஜோதிலட்சுமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பேசுங்க. சால்வை போட்டப்ப பேசினீங்க இல்ல?"

"அது மேடை. நன்றி வணக்கம்னு சொல்லிட்டு எறங்கிட்டேன். இதுல கேள்வி கேப்பாங்க."

"எழுதறது எல்லாம் எம் பொண்டாட்டின்னு சொல்லிட்டு வரேன்னு தானே கெளம்பினீங்க?"

"சொல்லத்தான் எழுந்தேன். அதுக்குள்ள சால்வையைப் போட்டுட்டாங்க."

சால்வை விழுந்தால் வாய் அடைத்துப்போகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் கீரையை அலசப் போனாள்.

எளாவூரில் குப்புராஜ் வீட்டுக்கு மருமகளாக வரும்போது அவள் கணினிப் பட்டம் படித்திருந்தாள். வீட்டில் ஒரு கணினியும் இருந்தது. சரவணன் ஆசைப்பட்டு வாங்கி, சீட்டாட்டம் மட்டும் ஆடிக்கொண்டிருந்த கணினி. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் தரும் ஒரு குழுவை அவள்தான் இணையத்தில் கண்டுபிடித்தாள். யாரும் சேரலாம், யாரும் திருத்தலாம், செய்வதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். சேர்வதற்குப் பெயர் கேட்டார்கள். மாமியார் அஞ்சம்மாள் குறுக்கே வந்தாள்.

"பொம்பள பேரு கண்டவன் கண்ணுலயும் படணுமா? அவன் பேரைப் போட்டுக்கோ."

அஞ்சம்மாளுக்குப் பெயர் விஷயத்தில் சட்டம் உண்டு. புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ரேஷன் கடையில் "ஊட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்று கேட்டபோது, வரிசையில் பின்னால் நின்றவளைத் திரும்பிப் பார்த்து, "நீ சொல்லேன்டி" என்றவள். மருமகளுக்கும் அதே சட்டம்தான். ஜோதிலட்சுமி சரவணன் என்று வாயால் சொல்லக்கூடாது. ஆனால் கையால் தினமும் சரவணன் என்று அடித்து உள்ளே போகலாம். அப்படியே இரண்டு வருஷம் அவள் சரவணனாக இருந்தாள்.

குழுவின் வாராந்தரக் கூட்டம் எழுத்திலேயே நடக்கும். நாற்பது பெயர் வருகையில் இருக்கும். எழுதுவது மூன்று பேர். மற்றவர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். எப்படிப் பேச வைப்பது என்று பெரிய பெரிய படிப்புக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஜோதிலட்சுமிக்கு அது புதிதாக இல்லை. நிலத்தை விற்கலாமா வேண்டாமா என்று மாமனார் இந்த வீட்டுக் கூடத்தில் கூட்டம் போடுவார். "எல்லாரும் இன்னா சொல்றீங்க?" என்பார். கதவுக்குப் பின்னால் நிற்கிற பெண்கள் மூச்சு இழுப்பதற்குள், "சரி, அப்ப முடிஞ்சிது" என்று துண்டை உதறிவிடுவார். வாய் இருந்தும் பேசாதவர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்தப் படிப்புக்காரர்களுக்குத் தெரியாது.

ஒன்பது விதிகள் எழுதினாள். பொதுவாகக் கேட்காதே, பெயர் சொல்லிக் கேள். கேட்டபின் இரண்டு நிமிடம் காத்திரு; அதுவரை வேறு யாரும் பேசக்கூடாது. குரலில் பேசினால், பேசுபவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவருக்கு முதல் வாய்ப்பு. கூட்டக் குறிப்பில் தவறு இருந்தால் ஒரு நாளைக்குள் திருத்தச் சொல்லலாம். இப்படி. ஆறே மாதத்தில் நாற்பது பேரில் முப்பது பேர் வாய் திறந்தார்கள். 'சரவணன் விதிகள்' என்று அதற்குப் பெயர் வந்தது. சால்வையும் வந்தது. இப்போது அந்தச் சரவணனையே ஒருங்கிணைப்பாளர் ஆக்கப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான்.

"நானே பேசிடறேனே. இதுதான் சமயம்" என்றாள் இரவு சோறு போடும்போது.

"அம்மா உசிரை எடுத்துடும். நைனா வேற வரதன் மாமாவைக் கூப்புட்டுகினு இருக்காரு, மகனுக்குப் பதவி வருதுன்னு. ஸ்பீக்கர் பாக்ஸ் வெச்சு எல்லாரும் கேக்கப்போறாங்களாம். நீ ஒண்ணு பண்ணு. பதிலை சீட்டுல எழுதி காபி டம்ளருக்கு அடியில வெச்சுக் குடுத்துடு. இந்த ஒரு வாட்டி."

"பதவி வந்தப்புறம்?"

"அப்புறமும் நீதானே செய்யப்போற. பேரு மட்டும் தானே எனுது."

ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் வெள்ளை வேட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் வரதன். கதவோரம் அஞ்சம்மாள். ஒலிபெருக்கியில் சென்னையிலிருந்து குழுத் தலைவர் மணவாளனின் குரல் வந்ததும் வரதன் எழுந்து கும்பிட்டார்.

"உக்காருய்யா, அவருக்கு நீ தெரியமாட்ட" என்றார் குப்புராஜ்.

முதல் கேள்விக்குக் காபியோடு சீட்டு வந்தது. இரண்டாவதற்கும் வந்தது. மூன்றாவதற்கு, "ஜோதி, காபி!" என்றான் சரவணன்.

"இன்னாடா இது, இருவது நிமிசத்துல மூணு காபி? வயிறா தொட்டியா?" என்றார் குப்புராஜ்.

"பெரிய வேலைக்காரனுங்க அப்படித்தான் மச்சான் குடிப்பாங்க" என்று வரதன் விளக்கினார்.

சரவணன் சீட்டைப் பார்த்துப் படித்தான். நன்றாகத்தான் படித்தான். ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது. பிறகு மணவாளன் சொன்னார்:

"கடைசியா ஒண்ணு, சரவணன் சார். ரெண்டு நிமிஷம் காத்திருக்கணும்னு போட்டிருக்கீங்களே. ஒரு நிமிஷம் போதாதா? ஏன் ரெண்டு? நீங்க சொல்லுங்க. விதிப்படி நாங்க யாரும் குறுக்க பேசமாட்டோம்."

இதற்கு இன்னும் சீட்டு வரவில்லை.

"ஜோதி, காபி" என்றான். குரல் இறங்கியிருந்தது.

அவள் கொண்டுவந்தாள். அவன் டம்ளரைத் தூக்கினான். அடியில் ஒன்றும் இல்லை. டம்ளரைச் சுற்றிப் பார்த்தான். தட்டைத் திருப்பிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஒலிபெருக்கியில் லேசான இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. முப்பத்தெட்டு பேர் விதியை மதித்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

"லைன் கட்டா?" என்றார் வரதன்.

"பேசுடா, பேஜாரா போச்சு" என்றார் குப்புராஜ்.

சரவணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். ஜோதிலட்சுமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அவள் எழுதிய விதியை அவளே மீறவில்லை. இரண்டு நிமிஷம் முழுசாக முடிந்த பிறகுதான் குனிந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஜோதிலட்சுமி பேசறேன். எளாவூர்."

அஞ்சம்மாள் வாயில் கை வைத்தாள்.

"மொத நிமிஷம், நாம பேசலாமான்னு யோசிக்கவே போயிடும் சார். இன்னா பேசறதுன்னு ரெண்டாவது நிமிஷத்துலதான் யோசிக்க முடியும். அதனாலதான் ரெண்டு."

மணவாளன் உற்சாகமானார். "பிரமாதம்! யாரும்மா நீங்க, புதுசா வந்திருக்கீங்களா? கூச்சப்படாம பேசுங்க. புதியவங்களுக்குத்தான் முதல் வாய்ப்புன்னு சரவணன் சார் அழகா ஒரு விதி போட்டிருக்காரு."

"தெரியும் சார். அதை எழுதினவ நான்தான். ஒம்பதையும்."

ஒருவர் சிரித்தார். "ஜோசப் பேசறேன். எங்க ஊட்லயும் அதே கதைதான் மேடம்! எல்லாம் அவங்க சொல்றதுதான், நாங்க கையெழுத்து மட்டும்!"

ஒலிபெருக்கி முழுக்கச் சிரிப்பு. வரதனும் சிரித்தார். சரவணன் வாயைத் திறந்தான். "அது வந்து, உண்மையிலயே..." என்பதற்குள் மணவாளன், "அப்ப எல்லாருக்கும் சம்மதம்னு எடுத்துக்கறேன், சரிதானே?" என்று கூட்டத்தை முடித்துவிட்டார். அதற்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

வரதன் போனதும் அஞ்சம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மே இது? அத்தினி ஆம்பளைங்க நடுவுல பேரைச் சொல்லிகினு நிக்கிற? நம்ம வழக்கம் இன்னான்னு தெரியாது?"

"எம் பேரைத்தானே அத்தை சொன்னேன். அவரு பேரைச் சொல்லலியே."

அஞ்சம்மாள் பதிலுக்கு வாயெடுத்தாள். தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று எந்த வழக்கத்திலும் இருப்பதாக அவளுக்கு நினைவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவள் பெயரைக் கேட்டதும் இல்லை. "காபி டம்ளரையாவது கழுவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் கூட்டக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. சரவணன்தான் படித்தான்.

"'ஒருங்கிணைப்பாளராகத் திரு. சரவணன் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருமதி சரவணன் அவர்களும் ஒரு கருத்து கூறினார்.'" படித்துவிட்டு அவளைப் பார்க்காமல் சொன்னான்: "நான் போன் பண்ணி சொல்லிடறேன் ஜோதி."

"நீங்க சொன்னா சால்வை போட்டுடுவாங்க. எழுந்திருங்க."

அவன் எழுந்துகொண்டான். குறிப்பில் தவறு இருந்தால் ஒரு நாளைக்குள் திருத்தச் சொல்லலாம் என்பது ஒன்பதாவது விதி. அவள் உட்கார்ந்து திருத்தம் எழுதப் போனாள். மேலே அனுப்புநர் பெயர் சரவணன் என்று நின்றது. அதை மூடினாள். புதிய உறுப்பினர் சேரும் பக்கத்தைத் திறந்தாள்.

'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்டது திரை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதிக் கொடுத்தவளே அவள்தான். அதற்குத் தன் பெயரை எழுதுவதுதான் இப்போது முதல் தடவை.