நூற்றுப்பத்தாவது கட்டம்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு கண்ணாடிக் கடையின் இருட்டு அறையில் கிடைத்தது. போன மாதம் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். கடைக்காரர் என் மூக்கின்மேல் கனமான ஃபிரேமை மாட்டி, லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "இதுதான்" என்றேன். அவர் கை நின்றது.

"நீங்க பொய் சொன்னா எனக்குத் தெரியாது, இல்ல சார்?"

"நான் ஏங்க பொய் சொல்றேன்?"

"நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சொல்லிட்டேன். அது பொய்தானான்னுதான் தெரியல."

விளக்கைப் போடாமலேயே முழுவதையும் சொன்னார். எழுதச் சொன்னதும் அவர்தான். அவருடைய மனைவியின் தம்பி இந்தப் பத்திரிகையை ஒரு வாரம்கூட விடாமல் வாங்குவாராம். எந்தக் கதையானாலும் முடிவை முதலில் படித்துவிட்டுத்தான் ஆரம்பத்துக்கு வருவாராம். "நான்தான்னு மட்டும் தெரியக் கூடாது சார்" என்றார் கடைக்காரர்.

2

'மலையுச்சியில் நட்சத்திரங்கள் வைரங்களை வாரி இறைத்தாற்போல'

(அடித்துவிட்டேன். கடைக்காரருக்கு ஃபோனில் படித்துக் காட்டியபோது, "வைரமெல்லாம் வேணாம் சார். குளிர்ல மூக்கு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு, அதைப் போடுங்க" என்றார்.)

'அவர் ஒரு பல் மருத்துவர். ஓய்வு நாட்களில்'

(இதையும் அடித்துவிட்டேன். ஆளை மறைக்கத்தான் பல் மருத்துவர் ஆக்கினேன். நான்காம் பகுதி வந்ததும் கதை படுத்துவிட்டது. ஏன் என்று அங்கே வந்தால் தெரியும். ஆகவே கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடிக் கடைக்காரராகவே இருக்கிறார். மன்னித்துவிடுங்கள் சார்.)

3

வானம் பார்க்கிறவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. நட்சத்திரக் கொத்துகள், வாயு மேகங்கள், தூரத்து அண்டங்கள் என்று நூற்றுப்பத்து பொருள்கள். வருஷத்தில் ஓரிரு இரவுகளில் மட்டும், அந்தி முதல் விடியல்வரை கண் அசராமல் இருந்தால், அத்தனையையும் பார்த்துவிடலாம். கடைக்காரரின் சங்கத்தில் ஒரு விதி: தொலைநோக்கியைக் கையால் திருப்பித்தான் தேட வேண்டும். ஒவ்வொன்றையும் இன்னொரு உறுப்பினர் பார்த்து, தாளில் அதற்கான கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மலைமேல் இருக்கும் சங்கத்து அறையில், முழுதாக முடிப்பவர்களுக்கென்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது. அதில் இதுவரை ஒரு பெயரும் இல்லை.

பதினான்கு வருஷமாக அந்த வெற்றுப் பலகையைத்தான் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். எட்டு மாதம் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்துத் தன் தொலைநோக்கிக்கு ஆடி செய்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் நூற்றொன்பது வரை வந்தார். கடைசி ஒன்றை மேகம் மூடிவிட்டது.

மைத்துனர் லிஃப்ட் மெக்கானிக். வானம் பார்க்க வந்து இரண்டே வருஷம். கூட்டி வந்ததே இவர்தான்.*

* வந்த வேகத்தில் தேடக் கற்றுக்கொண்டார் என்று எழுதினால் போதும். ஆனால் கடைக்காரர் அதைச் சொன்னபோது என் ஃபிரேமில் இருந்த லென்ஸைக் கழற்றித் தேவைக்கு மேல் அழுத்தித் துடைத்தார். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் அப்படி ஓர் இரவில் நாலு பேர் மலைக்குப் போனார்கள். மூன்று மணிக்குள் இரண்டு பேர் காரில் தூங்கிவிட்டார்கள். மிஞ்சியது அத்தானும் மைத்துனரும். பின்னிரவில் இவருடைய ஆடியில் பனி படர்ந்து, துடைத்து முடிப்பதற்குள் ஆறு பொருள்கள் தப்பிவிட்டன. இவர் கணக்கு அத்தோடு முடிந்தது. மைத்துனர் நிற்கவில்லை.

"அத்தான், தொண்ணூத்தெட்டு. வந்து பாருங்க."

பார்த்தார். போட்டார்.

"நூத்தி மூணு."

போட்டார்.

"டீ வேணுமா அத்தான்? அக்கா எனக்கு ரெண்டு லிட்டர் ஃபிளாஸ்க் குடுத்திருக்கா."

இவருக்குக் கொடுத்தது அரை லிட்டர். "அவன் நடுங்குவான், சின்னப் பையன்" என்று காரணம் சொல்லியிருந்தாள். சின்னப் பையனுக்கு வயது முப்பத்தொன்பது. போதாக்குறைக்கு நடுவில் ஒரு செய்தி வேறு: 'தம்பி நூறு தாண்டிட்டானாமே. உங்களுக்கு எத்தனை?' இவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

4

கடைசிப் பொருள் விடியலோடு சேர்ந்து கிழக்கில் எழும் ஒரு சின்ன நட்சத்திரக் கொத்து. அது மேலே வருவதற்குள் வானம் வெளுக்கத் தொடங்கிவிடும். கிடைப்பது சில நிமிடங்கள்.

"அத்தான், சிக்கிருச்சு. சீக்கிரம்."

கடைக்காரர் குனிந்தார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மங்கலான பொருளை நேராகப் பார்த்தால் தெரியாது. மங்கிய ஒளி கண்ணின் நடுப்பகுதிக்கு எட்டாது, ஓரத்துக்குத்தான் எட்டும். அதனால் பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்தால்தான் புகைபோல அது மிதந்து வரும். வானம் பார்க்கும் எல்லோரும் அறிந்த வித்தை. மைத்துனருக்குச் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான். கண்ணே தொழிலானவருக்கு அது மறக்குமா?

அவர் நேராகப் பார்த்தார். ஆடாமல், அசையாமல், நட்ட நடுவில்.

"தெரியல மாப்ள."

"நல்லாப் பாருங்க அத்தான். நடுவுலதான் இருக்கு."

"நடுவுலதான் பார்க்கிறேன். ஒண்ணும் இல்ல."

மைத்துனர் மறுபடி குனிந்து பார்த்தார். அதற்குள் வெளுத்துவிட்டது. பிறகு தாளை எடுத்து, தான் போட்டிருந்த நூற்றுப்பத்தைத் தானே அடித்து நூற்றொன்பது என்று எழுதி, இவரிடமே கொடுத்துவிட்டார்.

"உங்க கண்ணுக்கே தெரியலன்னா அது இல்லதான் அத்தான். எனக்குத்தான் ஆசையில இருக்கிற மாதிரி தோணிருக்கும்."

அதோடு இவருடைய தொலைநோக்கியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கார்வரை நடந்தார்.

"நான் பொய் சொல்லல சார். நேரா பார்த்தேன்" என்றார் கடைக்காரர் என்னிடம். இருபது வருஷமாக வாரம் ஒரு அத்தியாயம் எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. எனக்கும் வயிறு எரிந்தது.

5

முடிவுகள்.

(அ) கடைசி நொடியில் மனம் மாறி, ஓரப் பார்வையால் பார்த்து, "தெரியுது மாப்ள" என்று கட்டிக்கொள்கிறார். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். நடக்கவில்லை.

(ஆ) அந்த நேரம் பார்த்து மேகம் வருகிறது. யார்மேலும் தப்பில்லை. கடைக்காரருக்குப் பிடிக்கும். அதுவும் நடக்கவில்லை.

(இ) அடுத்த வருஷம் கடைக்காரர் நூற்றுப்பத்தும் முடிக்கிறார். சாட்சியாகக் குனிவது மைத்துனர். அவர் நேராகப் பார்

(வேண்டாம். இதை எழுத என் பேனா துள்ளியது. அதனாலேயே நிறுத்திவிட்டேன்.)

6

லிஃப்ட் மெக்கானிக் அவர்களே, முடிவை முதலில் படிக்கிறவர் நீங்கள். ஆகவே உங்களுக்குக் கதை இங்கேதான் தொடங்குகிறது. அன்று விடியலில் நீங்கள் பிடித்தது அங்கேதான் இருந்தது. உங்கள் அத்தான் அதைப் பார்க்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார்.

அவர் கடை ஒன்பதரைக்குத் திறக்கிறது. உங்கள் தாளை அவர் எறியவில்லை. லென்ஸ் பெட்டிக்கு அடியில் இருக்கிறது, கடைசிக் கட்டம் காலியாக. பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. இனி அவர் கையெழுத்துப் போட்டாலும் சங்கம் ஏற்காது என்பது நம் மூன்று பேருக்குமே தெரியும்.

இப்போது மேலே போய் ஆரம்பத்திலிருந்து படியுங்கள். படித்த பிறகு அவர் கடைப் பக்கம் போவீர்களா என்பதை நான் எழுத முடியாது. போனால் ஒன்று மட்டும்: உள்ளே நுழைந்ததும் அவரை நேராகப் பார்த்துவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளிப் பாருங்கள்.